‘அனுப்புநர்’ என்ற வரி

கொரியாவின் உல்லுங் தீவிலிருக்கும் ஜோதோங் துறையில் ஓக் மால்சுன் எதையும் ஒரே தடவையில் நம்பி வாங்கியதாக யாரும் பார்த்ததில்லை. கணவாய் வாங்கினால் கூடையின் அடியில் கையை விட்டு அடியிலிருப்பதை மேலே கொண்டுவந்து பார்ப்பாள். முட்டைகோஸ் வாங்கினால் நடுவில் பிளக்கச் சொல்வாள். கப்பல் ஒன்பதரைக்கு வரும் என்று துறையில் எழுதிப் போட்டிருந்தால், உள்ளே போய் அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுவிட்டு, வெளியே வந்து கயிறு பிடிக்கும் ஆளிடமும் கேட்பாள்.

"அக்கா, இந்தக் கணவாய் உங்ககிட்ட சத்தியம் பண்ணணுமா?" என்று மீன்காரிகள் கேலி செய்வார்கள்.

"பண்ணினா மட்டும் நம்பிடுவேனாக்கும்," என்பாள் மால்சுன், கையைத் துடைத்துக்கொண்டே.

இந்தக் குணம் அவளோடு பிறந்ததல்ல, கல்யாணத்தோடு வந்தது. பெண் பார்க்கும்போது தரகர் அவளிடம் ஒரு புகைப்படம் காட்டினார். ஓடு வேய்ந்த அகலமான வீட்டின் முன்னால் ஓர் இளைஞன் நின்றிருந்தான். கப்பலேறித் தீவுக்கு வந்து இறங்கியபோது இளைஞன் அவனேதான். வீடுதான் அடுத்த தெருக்காரருடையது. படத்தை எடுத்தவள் மாப்பிள்ளையின் தங்கை யோன்வா. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "அங்கதான் வெளிச்சம் நல்லா இருந்துச்சு அண்ணி," என்று அவள் சொன்ன காரணத்தை மால்சுன் அன்றும் ஏற்கவில்லை, முப்பது சொச்சம் வருடம் கழித்தும் ஏற்கவில்லை.

கணவன் சாங்பே நல்ல மனிதன். கணவாய் கிடைத்த காலம்வரை படகில் போனான். கடலில் கணவாய் குறைந்த பிறகு படகை விற்றுவிட்டுத் துறையிலிருந்த பனிக்கட்டி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். மால்சுன் மாடியறைகளைச் சுத்தம் செய்து, புதிய மெத்தைகள் போட்டு, சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டாள். சந்தின் கீழ்க்கோடியில் யோன்வாவும் அதையே செய்தாள். யார் முதலில் தொடங்கினார்கள் என்று குடும்பத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

ஒரு வசந்தத்தில் போஹாங்கிலிருந்து பியோ தேக்யு என்பவர் கப்பலில் வந்தார். தீவிலிருக்கும் தங்கும் வீடுகளுக்கு இணையதளம் செய்து தருவது அவர் தொழில். நாற்பதைத் தாண்டியவர், கொஞ்சம் சோம்பல், நிறையப் பேச்சு. யோன்வா உடனே சம்மதித்தாள். மால்சுன் அவரை மூன்று தடவை வரவழைத்து, மூன்று தடவையும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில் மாறவில்லை என்று தெரிந்த பிறகுதான் சரி என்றாள். தளத்துக்குக் கடற்புறா இல்லம் என்று பெயர் வைத்தாள். அதில் ஒரு பக்கத்தில் விருந்தாளி தன் பெயரையும் மின்னஞ்சல், வீட்டு முகவரிகளையும் போன் எண்ணையும் வரும் நாளையும் நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், அந்தப் பக்கமே ஒரு கடிதம் தயாரித்து மால்சுனின் அஞ்சல் பெட்டிக்கு அனுப்பிவிடும்.

முதலில் வந்த கடிதத்தின் தலைப்பில் ஒரு கொரிய எழுத்துகூட இல்லை. வரிசையாகக் கேள்விக்குறிகளும், நடுநடுவே காலிக் கட்டங்களும்தான் இருந்தன. மால்சுன் உடனே போனை எடுத்தாள்.

"இது என்ன, சங்கேத பாஷையா? யாருக்கு யார் என்ன சொல்லி அனுப்புறீங்க?"

"ஐயோ முதலாளியம்மா, தலைப்பு வரியில நம்ம எழுத்தை அப்படியே போட்டா வழியிலேயே உடைஞ்சிடும். அதைப் பொட்டலம் கட்டித்தான் அனுப்பணும். உங்களுக்குக் கட்ட மறந்துட்டேன்."

"யோன்வாவுக்கு மட்டும் மறக்கலையா?"

"அவங்களுக்கும் மறந்துட்டேன். அவங்க இன்னும் திறந்தே பார்க்கல."

பியோ அதைச் சரிசெய்தார். எழுத்துகள் ஒழுங்காக வந்தன. ஆனால் மால்சுன் இப்போது கடிதங்களை வரி வரியாகப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு கடிதத்திலும் ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் பியோவின் நிறுவனப் பெயர் இருந்தது. தேகு ஊர்க்காரர் எழுதினாலும் அதே பெயர், இஞ்சோன்காரர் எழுதினாலும் அதே பெயர்.

"என் வீட்டுக்கு வர்ற ஆளு எனக்கு எழுதறான். நடுவுல உன் பேரு எதுக்கு?" என்று அவள் கேட்டாள். "நீ முதல்ல படிச்சுட்டு, நல்லதை எடுத்துக்கிட்டு, மிச்சத்தை எனக்கு அனுப்புறியா?"

"அது அப்படி இல்லீங்க. கடிதம் என் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் கிளம்புது. அதனால என் பேரு."

"விருந்தாளி பேர்லயே வரணும். அவன் முகவரிலேர்ந்தே நேரா வரணும். இல்லாட்டி இந்தத் தளமே எனக்கு வேணாம்."

அப்படிச் செய்வது முறையல்ல என்று பியோ முணுமுணுத்தார். ஏன் முறையல்ல என்று விளக்கினால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்பதை அவர் அறிவார். கப்பல் கிளம்பும் நேரம் ஆகிவிட்டது. அவள் கேட்டபடி விருந்தாளி எழுதும் முகவரியே ‘அனுப்புநர்’ வரியில் விழும்படி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். யோன்வா எதையும் கேட்கவில்லை. அவளுக்குப் பழையபடியே வந்தது.

ஒரு பருவம் முழுவதும் மால்சுனுக்குத் திருப்தியாகவே போனது. அடுத்த ஆண்டு மலையேறுபவர்கள் வரும் காலத்தில் ஏதோ இடித்தது. கடிதங்கள் வந்தன. ஆனால் முன்போல் இல்லை. சில வாரம் ஒன்றுமே இல்லை. மாடியறை ஜன்னலிலிருந்து பார்த்தால் யோன்வாவின் வீட்டு வாசல் தெரியும். அங்கே கழற்றிவிடப்பட்ட மலையேறும் காலணிகள் வாசற்படி தாண்டிச் சந்துவரை நீண்டுகிடந்தன. மால்சுன் தினமும் அந்தக் காலணிகளைப் பார்த்தாள்.

"அவ வீட்ல மட்டும் எப்படி?" என்று கணவனைக் கேட்டாள்.

"அவ வீட்ல குளியலறை பெரிசு," என்றான் சாங்பே, சோற்றிலிருந்து தலை தூக்காமல்.

"குளியலறையை யாரு இணையத்துல பார்த்தாங்க?"

"எனக்குத் தெரியாது. ஐஸ் உடைக்கிற ஆளுகிட்ட கேக்கிற கேள்வியா இது?"

ஒரு சனிக்கிழமை மலையேறும் குழு ஒன்று எல்லா அறைகளையும் எடுத்திருந்தது. அவர்களை அழைத்துவர மால்சுன் துறைக்குப் போனாள். அன்று கடல் கொந்தளிப்பு. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் பாதிப்பேர் முகம் வெளுத்துத் தள்ளாடினார்கள். கடைசியாக ஐம்பது வயதிருக்கும் ஒருவர், தன் வயதான தாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். மால்சுன் கையிலிருந்த பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நேராக அவளிடம் வந்தார்.

"கடற்புறா இல்லம்தானே? நான் நம்குங். அம்மாவுக்கும் எனக்கும் ஒரு அறை கேட்டு எழுதியிருந்தேன்."

"நீங்க எழுதலையே."

"எழுதினேனே. ‘உங்கள் பதிவு வந்து சேர்ந்தது’ன்னு திரையில வந்துச்சே."

கூட்டம் மிகுந்த நாட்களில் இப்படிச் சொல்லி அறை பிடிப்பவர்கள் உண்டு. மால்சுன் அப்படிப்பட்ட இரண்டு பேரை முன்பே பார்த்தவள். மூன்றாவது ஆளாக இவரையும் எடுத்துக்கொண்டாள்.

"திரையில வரும், மழையில வரும். எங்கிட்ட வரல. வயசான அம்மாவைக் கூட்டிட்டு வந்தா எரக்கப்பட்டுக் கொடுத்துடுவாங்கன்னு யாரு சொல்லிக்கொடுத்தா உங்களுக்கு?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தாய் பெட்டியின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நம்குங் குனிந்து தாயின் காலணி நாடாவைத் தளர்த்திவிட்டார். அப்போது யோன்வா வந்தாள். "எங்க வீட்ல ஒரு சின்ன அறை இருக்கு, வாங்க," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

எங்கிருந்து சரியாக அந்த நேரத்துக்கு வந்து நின்றாள்? மால்சுனின் மனத்தில் அன்று அந்தக் கேள்வி மட்டும்தான் நின்றது. அந்தத் தாயின் வெளுத்த முகம்கூட நிற்கவில்லை.

அடுத்த வாரம் பூசணி மிட்டாய்க் கடையில் மால்சுன் யோன்வா வீட்டு விருந்தாளி ஒருத்தியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"எங்க தங்கியிருக்கீங்க? முன்னாடியே எழுதிட்டு வந்தீங்களா?"

"முதல்ல மேல்வீட்டுக்குத்தான் எழுதினோம், கடற்புறாவோ என்னவோ. பதிலே வரல. அப்புறம் கீழ்வீட்டுக்கு எழுதினோம். உடனே பதில் வந்துச்சு. நல்ல அம்மா."

மால்சுன் மிட்டாய் வாங்காமலே வெளியே வந்தாள். கணவாய் உலர்த்தும் கம்பிகளுக்கு நடுவே யோன்வா நான்கைந்து பெண்களோடு வேலை செய்துகொண்டிருந்தாள். மால்சுன் அவள் எதிரே போய் நின்றாள்.

"எனக்கு வர்ற கடிதம் உன் வீட்டுக்கு எப்படி வருது?"

யோன்வா கணவாயைக் கம்பியில் செருகிக்கொண்டே, "எந்தக் கடிதம் அண்ணி?" என்றாள்.

"தெரியாத மாதிரி கேக்காதே. ரெண்டு தளமும் செஞ்சவன் ஒருத்தன். அவனுக்கு நீ கணவாய்க் கட்டு அனுப்பினது ஊருக்கே தெரியும்."

"சுசோக் அறுவடைப் பண்டிகைக்கு அனுப்பினேன். எல்லாரும்தான் அனுப்புறாங்க. நீ அனுப்பாதது என் தப்பா?"

பெண்களில் ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் மால்சுனுக்குத் தன் சந்தேகம் இன்னும் உறுதியானது. அன்று மாலை அவள் சாங்பேயிடம், "உன் தங்கை திருடுறா," என்று ஒரே வரியில் சொன்னாள். சாங்பே, "அவ சோம்பேறி, பொய்யும் சொல்லுவா. திருட மாட்டா," என்றான். தங்கைக்கு அவன் கொடுத்த நற்சான்று அவ்வளவுதான்.

மால்சுன் ஒரு பொறி வைத்தாள். தபால் நிலையத்திலிருந்த பொதுக் கணினியில் உட்கார்ந்து, சாங்பேயின் மின்னஞ்சல் முகவரியைப் போட்டு, இல்லாத ஒரு குடும்பத்தின் பெயரில் தன் வீட்டிலேயே அறை கேட்டாள். ‘உங்கள் பதிவு வந்து சேர்ந்தது’ என்று திரை சொன்னது. அவள் தன் பெட்டியைத் திறந்து பார்த்தாள். எதுவும் வரவில்லை. உடனே எழுந்து, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சந்தில் இறங்கி, யோன்வாவின் வீட்டுக்குள் காலணியோடு நுழையப் போய், வாசலில் நின்று கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

"உன் பெட்டியைத் திற. இப்பவே. என் கண் முன்னாடி."

யோன்வா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கணினியைத் திறந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். "நீயே பாரு அண்ணி. குப்பைப் பெட்டியையும் பாரு. அப்புறம் இன்னொரு நாள் வந்து நிக்காதே."

மால்சுன் பார்த்தாள். குப்பையையும் பார்த்தாள். அவள் வைத்த பொறி அங்கே இல்லை.

அவள் நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். யோன்வா பார்லித் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "உனக்கு எழுதிட்டு எங்கிட்ட வர்றவங்க இருக்காங்கன்னு எனக்கும் தெரியும். சொல்லியிருக்காங்க. நீ வேணாம்னு தள்ளிவிட்ட ஆளுங்கன்னு நெனச்சேன். அந்த நம்குங் அம்மா மாதிரி உடம்புக்கு முடியாதவங்க, குடிகாரனுங்க, இவங்களையெல்லாம் நீ பதில் போடாம எங்கிட்ட தள்ளிட்டு, நல்லவங்களை மட்டும் வச்சுக்கிறேன்னு."

"நானா?"

"கேட்டா சண்டை வரும். அதான் வாயை மூடிட்டுச் சோறு போட்டேன்."

இரண்டு பேரும் தேநீரைக் குடித்தார்கள். சிரிக்கவில்லை. யோன்வா தன்னைப் பற்றி இப்படி நினைத்திருந்தாள் என்பது மால்சுனுக்குக் கோபத்தை விட அதிகமாக வியப்பைத் தந்தது. அப்படியென்றால் மிச்சமிருப்பது பியோ மட்டுமே என்று அவள் மனம் அடுத்த கணமே கணக்குப் போட்டுவிட்டது.

மறுநாள் கப்பலில் போஹாங் போனாள். பல் மருத்துவமனைக்கு மேலே இருந்த சின்ன அறையில் பியோ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"என் கடிதமெல்லாம் எங்கே?"

"உங்க பெட்டியில."

"இல்ல. நேத்து நானே எழுதிப் பார்த்தேன்."

பியோ முதலில் அவளுடைய பெட்டியைக் குறை சொன்னார். பிறகு தீவின் இணைப்பைக் குறை சொன்னார். அவள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் தன் கம்ப்யூட்டரில் தேடத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அவர் பேச்சு நின்றது. அவர் பேசாமலிருந்து மால்சுன் அதுவரை பார்த்ததில்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் யாருடைய பெயரிலும் இல்லாத ஒரு பெட்டி இருந்தது. தளங்கள் தானாக அனுப்பும் கடிதங்கள் போய்ச்சேராமல் திரும்பினால் அதில்தான் விழும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இப்போது திறந்தபோது, கடற்புறா இல்லத்துக்கு எழுதப்பட்ட கடிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் ‘பொய்யான அனுப்புநர், ஏற்க இயலாது’ என்று ஒட்டியிருந்தது.

"இது யாரு ஒட்டினது?" என்றாள் மால்சுன்.

"உங்க பெட்டி இருக்கே, அந்தக் கம்பெனி." பியோ கழுத்தைத் தடவிக்கொண்டார். "பாருங்க முதலாளியம்மா. ஒரு கடிதத்துக்கு மேல சில வரிகள் இருக்கும். யாருக்கு, யாரு அனுப்புறது, என்ன விஷயம், பதில் யாருக்குப் போகணும். ஒவ்வொண்ணும் தனித்தனி வரி. எல்லாம் முடிஞ்சு ஒரு வெத்து வரி விட்டுட்டுத்தான் உள்ளே இருக்கிற சேதி. இந்த ‘அனுப்புநர்’ வரியில நீங்க கேட்டபடி விருந்தாளியோட முகவரியைப் போட்டேன். ஆனா கடிதம் கிளம்பறது இந்த அறையிலேர்ந்து. விருந்தாளியும் அந்தக் கம்பெனியிலதான் பெட்டி வச்சிருக்கான், உங்க வீட்டுக்காரரும் அங்கதான். தன் வீட்டு ஆளு பேரைச் சொல்லிக்கிட்டு எங்கேர்ந்தோ ஒரு கடிதம் வந்து கதவைத் தட்டுது. ‘எங்க வீட்லேர்ந்து யாரும் கிளம்பலையே’ன்னு திருப்பி அனுப்பிடறான். முன்னாடி இவ்வளவு கண்டிப்பு இல்ல. இப்பக் கூட்டிட்டாங்க. வேற கம்பெனியில பெட்டி வச்சிருக்கிறவங்க எழுதினா வந்துடுது."

மால்சுன் அதை உடனே புரிந்துகொண்டாள். "நானா இருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டேன்," என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்போ நான் கேட்டதாலதான்," என்றாள்.

"நீங்க கேட்டீங்க. நான் செஞ்சேன். செஞ்சிருக்கக் கூடாது. இந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவும் எனக்குத் தோணல."

"இனிமே?"

"அனுப்புநர் வரியில உங்க இல்லத்தோட பேர், உங்க தளத்து முகவரி. ‘பதில் இவருக்கு’ங்கிற வரியில விருந்தாளியோட முகவரி. நீங்க பதில் எழுதினா நேரா அவங்களுக்கே போகும். என் பேரு எங்கயும் இருக்காது."

அதையும் அவள் அப்படியே நம்பவில்லை. தன் கண் முன்னால் மாற்றச் சொன்னாள். மாற்றிய பிறகு தானே சாங்பேயின் முகவரியைப் போட்டுப் பக்கத்தை நிரப்பி அனுப்பினாள். கைப்பேசியில் கடிதம் வந்து விழுந்தது. ‘அனுப்புநர்: கடற்புறா இல்லம்’ என்று இருந்தது. பதில் எழுதிப் பார்த்தாள். சாங்பே பனிக்கட்டி ஆலையிலிருந்து கூப்பிட்டு, "எனக்கு எதுக்கு அறை இருக்குன்னு எழுதியிருக்கே? வீட்டை விட்டுத் துரத்துறியா?" என்று கேட்டான். அப்போதுதான் அவள் எழுந்தாள்.

திரும்பிவந்த கடிதங்களை எல்லாம் பியோ அச்செடுத்துக் கொடுத்தார். கப்பலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவற்றைப் படித்தாள். பெரும்பாலானவர்கள் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு வேறு இடம் பார்த்திருந்தார்கள். சிலர் இரண்டு முறை கேட்டிருந்தார்கள். ஒருவர், ‘பதில் போடக்கூட நேரமில்லையா, இப்படித்தான் தொழில் செய்வீர்களா’ என்று திட்டியிருந்தார். நம்குங்கின் கடிதமும் இருந்தது. இரவில் விளக்கேற்றிக் கணவாய் பிடிக்கும் படகுகளைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை, படியேறுவது கஷ்டம், கீழ்த்தள அறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று பணிவாக எழுதியிருந்தார். மால்சுன் அதை மடித்து மற்றவற்றின் அடியில் வைத்தாள். துறை வரும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அது அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது.

"உல்லுங் தீவு கடற்புறா இல்லத்திலேர்ந்து பேசறேன். முன்னாடி நீங்க எழுதின கடிதம் எங்களுக்கு வரல, அதுக்கு..."

"வரலையா? இப்ப என்ன, என் பேங்க் நம்பர் வேணுமா?"

"இல்லீங்க, மன்னிப்புக் கேக்கத்தான்."

"மன்னிப்புக் கேக்கிற திருடனை இப்பத்தான் பார்க்கிறேன்." டொக்கென்று வைத்துவிட்டார்.

பலரும் அப்படித்தான். போனில் பேசிப் பணம் பறிக்கும் கூட்டத்தைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். ஒருத்தி முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாப் பேசறீங்க. எங்கே பயிற்சி?" என்றாள். மால்சுனுக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. விவரமான ஆட்கள் என்றுதான் தோன்றியது. ஆனால் நம்குங் அவள் பெயரைக் கேட்டதுமே வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை. நல்ல கணவாயாகப் பொறுக்கி ஒரு கட்டு அனுப்பினாள். ‘பெற மறுப்பு’ என்று முத்திரையோடு அது திரும்பி வந்தது.

திரும்பி வந்த கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு யோன்வாவின் வீட்டுக்குப் போனாள். இந்த முறை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"அவர் உன்னைத்தான் நம்புவாரு. நீ பேசு."

"பேசறேன்," என்றாள் யோன்வா. "ஆனா நீ பக்கத்துல உக்காரக் கூடாது. நடுநடுவுல ஏதாவது சொல்லுவே."

மால்சுன் சமையலறையில் உட்கார்ந்தாள். கதவுக்கு அப்பாலிருந்து யோன்வாவின் குரல் தணிந்தும் உயர்ந்தும் கேட்டது. ஓர் இடத்தில் யோன்வா சிரித்தாள். எதற்குச் சிரித்தாள், தன்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று மால்சுனுக்கு உள்ளுக்குள் அரித்தது. எழுந்து கதவருகே போய், திரும்பி வந்து உட்கார்ந்தாள். மேசையிலிருந்த முள்ளங்கியை எடுத்து நறுக்கத் தொடங்கினாள். யாரும் நறுக்கச் சொல்லவில்லை.

யோன்வா உள்ளே வந்து, "வசந்தத்துல அம்மாவைக் கூட்டிட்டு வர்றாராம்," என்றாள். "எங்க வீட்டுக்குத்தான். உன் வீடு வேணாம்னுட்டாரு. வருத்தப்படாதே."

"சிரிச்சியே, எதுக்கு?"

"கணவாய்க் கட்டுல வெடிகுண்டு இருக்கும்னு நெனச்சாராம்."

பனி கரைந்து மலைப்பூண்டு இலை துளிர்க்கும் காலத்தில் அவர்கள் வந்தார்கள். மால்சுன் துறைக்குப் போகவில்லை. முன்பே இலைகளைப் பறித்துச் சோயாச் சாறு ஊற்றி ஊறவைத்திருந்ததை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு சந்தில் இறங்கினாள். யோன்வாவின் கீழ்த்தள அறையில் அந்தத் தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெந்நீர்ப்பையைக் காலில் வைத்திருந்தாள். நம்குங் எழுந்து நின்றார். புன்னகைக்கவில்லை.

மால்சுன் மண்டியிட்டுக் கைகளைத் தரையில் ஊன்றினாள். "அன்னிக்கு நான் உங்களைப் பேசினது தப்புங்க அம்மா. நீங்க எழுதியிருந்தீங்க. எனக்குத்தான் வரல. வரலேன்னா என்னன்னு பார்க்காம உங்களைப் பொய்க்காரங்கன்னுட்டேன்."

தாய் ஓர் இலையை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள். "அன்னிக்கு எனக்குத் தலைசுத்தல்," என்றாள். "யாரு என்ன பேசினாங்கன்னு ஒண்ணும் காதுல விழல. உப்புக் கொஞ்சம் தூக்கல். ஆனா நல்லா இருக்கு. சோறு இருக்கா?"

யோன்வா சோறு கொண்டுவந்தாள். நம்குங்கும் உட்கார்ந்து சாப்பிட்டார். மால்சுனுக்கும் ஒரு கிண்ணம் நகர்த்தி வைக்கப்பட்டது. பேச்சு படகுகளைப் பற்றிப் போனது. கணவாய்ப் படகுகள் முன்போல் அதிகம் போவதில்லை, இருந்தாலும் தெரிந்த ஒரு படகைப் பக்கத்தில் நிறுத்தி விளக்கேற்றிக் காட்டச் சொல்கிறேன், சாங்பே ஏற்பாடு செய்வான் என்றாள் மால்சுன். நம்குங் முதன்முறையாக அவளை நேராகப் பார்த்து, "அம்மா படியேற மாட்டாங்க," என்றார். "துறைச் சுவரோரமா நாற்காலி போடறேன்," என்றாள் அவள்.

வெளியே வந்ததும் அவள் யோன்வாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "காதுல விழலன்னு சொல்லச் சொல்லி நீ சொல்லிக்கொடுத்தியா?"

"இல்ல."

"நெசமா?"

"கிண்ணத்தைக் கழுவி நாளைக்கு அனுப்பறேன். போ அண்ணி, ரொம்ப வேலை கிடக்கு."

மால்சுன் சந்தில் ஏறினாள். யோன்வா சொன்னது உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தாய் சொன்னதும் உண்மையா என்று தெரியவில்லை. பனிக்கட்டி ஆலைக்குப் போய்ச் சாங்பேயிடம் படகுக்குச் சொல்லிவிட்டு, துறைச் சுவரோரம் காற்றுப் படாத இடம் எது என்று பார்க்கப் போனாள்.